சாஸ்கட்டூனில் இரண்டு நாள்: ஆற்றங்கரையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் உள்ள சாஸ்கட்டூனுக்கு வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். விமான நிலையத்திலேயே காரை எடுத்து, சர்க்கிள் டிரைவ் சுற்றுச்சாலையில் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கிடங்குகள், கார் விற்பனைக் கூடங்கள், அகன்ற வாகன நிறுத்தங்கள், இவைதான் தெரியும். இந்த ஊர் தன் முகத்தைச் சாலைக்குக் காட்டுவதில்லை, தெற்கு சாஸ்கட்செவன் ஆற்றுக்குத்தான் காட்டுகிறது. அதனால் முதல் நாள் நடை, இரண்டாம் நாள் கார். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

டொரொண்டோ, கால்கரி, வினிபெக் பக்கத்திலிருந்து ஒரு வாரக் கடைசியில் வருகிறவர்களுக்கும், கனடாவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் இரண்டு நாள் ஒதுக்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். கணக்கு: இரண்டு இரவு, இரண்டு முழுப் பகல்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். ஜூன் கடைசியில் சூரியன் இரவு ஒன்பதரை வாக்கில்தான் மறையும். ஒரே பகலில் இரண்டு பகலுக்கான நேரம் கிடைக்கிறது.

அதற்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயல்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை முதல் இரண்டு வாரம். சாஸ்கட்டூன் பெர்ரி பழுப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். கொசுவுக்கும் அதுவே உச்சகாலம். கொசுத்தொல்லை வேண்டாம், பழம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறவர்களுக்கு செப்டம்பர் முதல் பாதி. ஆற்றோரத்து மரங்கள் அப்போது பொன்னிறம் ஏறத் தொடங்கியிருக்கும்.

மே மாதத்தின் முதல் பாதியை நம்ப வேண்டாம். நாட்காட்டியில் வசந்தம் வந்திருக்கும், மரத்தில் இலை வந்திருக்காது.

கோடையில் வடக்கே காடு எரிந்தால் புகை இங்கே வரை இறங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலையோடு கனடாவின் காற்றுத் தர எண்ணையும் (AQHI, 1இலிருந்து 10க்கு மேல் வரை போகும் அளவு) பாருங்கள். எண் 7க்கு மேல் இருந்தால் நடைப்பயணத்தை விட்டு அருங்காட்சியகங்களை முன்னால் போடுங்கள்.

2. கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கனடா விசா தேவை. விண்ணப்பக் கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். கைரேகைக்கு நாள் கிடைப்பதே சில சமயம் தாமதமாகும். அதனால் விமானச்சீட்டுக்கு முன்னால் இதைத் தொடங்குங்கள்.

தங்குமிடத்தை டவுன்டவுனிலோ, ஆற்றுக்கு அக்கரையில் பிராட்வேக்குப் பக்கத்திலோ எடுங்கள். விமான நிலையத்தருகே அறை சற்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் டாக்சிக்குக் கொடுப்பதில் அந்த மிச்சம் போய்விடும், காலை நடையும் கைவிட்டுப் போகும். பெஸ்பரோ ஓட்டலில் தங்க வசதியிருந்தால் ஆற்றுப்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். 1935இல் திறந்த, கோட்டை போன்ற பழைய ரயில்வே ஓட்டல் அது. அதன் பின்தோட்டத்தைத் தாண்டினால் நேரே ஆற்றுப்பாதைதான்.

காரை இரண்டாம் நாளுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். சிறிய ஊர் என்பதால் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு, கோடை வாரக் கடைசிகளில் தீர்ந்துவிடும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு வாருங்கள். வாடகைக் கவுன்டரில் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இரண்டாம் நாள் திட்டம் முழுதும் போய்விடும்.

கடிகாரம் ஒரு பொறி. சாஸ்கட்செவனின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில்தான் இருக்கிறது, கோடையில் ஒரு மணிநேரம் முன்னால் தள்ளும் வழக்கம் இல்லை. அதனால் கோடையில் இங்கே கால்கரி நேரம், குளிர்காலத்தில் வினிபெக் நேரம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எப்போதும் பதினொன்றரை மணிநேர வித்தியாசம். கோடையில் வினிபெக்கிலிருந்து காரில் வருகிறவர்கள் ஒரு மணிநேரம் முன்னதாக வந்து நிற்பதும், திரும்பும்போது ஒரு மணிநேரத்தை இழப்பதும் இதனால்தான்.

பையில் வைக்க வேண்டியவை: காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, கணுக்காலை மூடும் காலுறை, கொசு மருந்து, தொலைநோக்கி, உதட்டுக்குப் பூசும் களிம்பு. முப்பது டிகிரி வெயிலிலும் இங்கே வியர்வை ஒட்டாது, காற்று அவ்வளவு வறண்டது. நம் ஊர்ப் பழக்கத்தில் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் மாலையில் தலைவலிதான். ஒரு லிட்டர் புட்டி எப்போதும் கையில் இருக்கட்டும்.

3. வந்து சேரும் வழி

விமானம்தான் எளிது. நிலையத்திலிருந்து டவுன்டவுனுக்கு டாக்சியில் கால் மணிநேரம் ஆகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கனடாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையை முடிக்க வேண்டியிருக்கும். அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணிநேரம் இடைவெளி விடுங்கள். அங்கே பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமா என்று கிளம்பும் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம். டொரொண்டோ–வான்கூவர் ரயில் இங்கே நிற்கும், ஆனால் வாரத்தில் சில நாள்தான். தண்டவாளத்தில் சரக்கு ரயிலுக்கே முன்னுரிமை என்பதால் பல மணிநேரம் தாமதமாவது சாதாரணம். நிலையமும் ஊரின் மேற்கு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது.

ஊர்களுக்கிடையே அரசுப் பேருந்து இருக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். மாகாண அரசின் பேருந்துச் சேவை 2017இல் நிறுத்தப்பட்டது. இப்போது தனியார் பேருந்துகள் சில பெரிய ஊர்களுக்கு மட்டும் ஓடுகின்றன. காரில் வந்தால் ரெஜைனாவிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர், எட்மன்டனிலிருந்து 525. அந்தி நேரத்தில் நெடுஞ்சாலையில் மான் குறுக்கே பாயும். இருட்டுவதற்குள் வந்து சேரும்படி கிளம்புங்கள்.

4. தெரு எண்ணைப் படிக்கும் முறை

இதைப் பத்து நிமிடம் கற்றுக்கொண்டால் இரண்டு நாள் அலைச்சல் மிச்சம். ஸ்ட்ரீட் என்றால் கிழக்கு–மேற்கு, அவென்யூ என்றால் வடக்கு–தெற்கு. டவுன்டவுனில் அவென்யூக்களுக்கு எண். ஐடில்வைல்ட் டிரைவைத் தாண்டி மேற்கே போனால் ஏ, பி, சி என்று எழுத்து.

ஸ்ட்ரீட் எண் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். 8ஆம் ஸ்ட்ரீட் ஆற்றுக்கு அக்கரையில், 22ஆம் ஸ்ட்ரீட் இக்கரையில். 2ஆம் அவென்யூ போக வேண்டியவர் 2ஆம் ஸ்ட்ரீட் என்று டாக்சியில் சொன்னால் பாலம் தாண்டி வேறொரு குடியிருப்பில் இறங்குவார். எண்ணை மட்டும் சொல்லாமல் ஸ்ட்ரீட்டா அவென்யூவா, ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

5. முதல் நாள் காலை: பாலங்களைத் தைத்துக்கொண்டு ஒரு நடை

எட்டு மணிக்குக் கிளம்புங்கள். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் மூன்று மணிநேரம். பாதை கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம்.

பெஸ்பரோ பின்புறத்தில் மீவாசின் என்ற ஆற்றோர நடைபாதையில் இறங்கி, ஆற்றை இடக்கையில் வைத்துத் தெற்கே நடங்கள். பிராட்வே பாலத்துக்கு அடியில் நுழைந்து, அடுத்து வரும் டிராஃபிக் பாலத்தில் ஏறி அக்கரை போங்கள். 1907இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் இடத்தில் 2018இல் எழுப்பியது இது. நடைபாதை அகலமாக இருக்கிறது.

அக்கரையில் இடப்பக்கம் திரும்பி வடக்கே வாருங்கள். பிராட்வே பாலத்தைக் கடந்ததும் ஆற்றுக்கு எதிரில் பெஸ்பரோ முழுதாகத் தெரியும். காலையில் கிளம்பச் சொன்னதற்கு இதுவே காரணம். அக்கரையில் நிற்கும்போது நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள், காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓட்டலின் மேல் விழுகிறது. மாலையில் வந்தால் சூரியன் ஓட்டலுக்குப் பின்னால் போய்விடும், படத்தில் கறுப்பு உருவம்தான் மிஞ்சும்.

அடுத்து வளைவு வளைவாகக் கான்கிரீட்டில் நிற்கும் பல்கலைக்கழகப் பாலம், 1916இல் திறந்தது. அதில் ஏறி மறுபடி மேற்குக் கரைக்கு வாருங்கள். இங்கே பலர் இடப்பக்கம் திரும்பி ஓட்டலுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள். ஸ்படைனா கிரெசென்ட் ஓரமாக ஒரு கிலோமீட்டர் சென்றால், 33ஆம் ஸ்ட்ரீட் பக்கம் தடுப்பணை.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த அணைக்குக் கீழே வெள்ளைக் கூழைக்கடாக்கள் நிற்கும். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கூழைக்கடாவா என்று முதலில் நம்ப மாட்டீர்கள். ஆற்றில் எதிரேறி வரும் மீன்கள் அணையைத் தாண்ட முடியாமல் அங்கேயே திணறுவதால் பறவைகளுக்கு அலைய வேண்டிய தேவையே இல்லை. நுரைக்குள் அலகை விட்டு, பையில் நீரோடு மீனை அள்ளி, நீரை வடியவிட்டு, கழுத்தை நிமிர்த்தி விழுங்கும். தொலைநோக்கி இருந்தால் மேல் அலகைக் கவனியுங்கள். வசந்தத்தில் அதன்மேல் கொம்பு போல ஒரு தட்டை முளைத்திருக்கும். முட்டையிடும் காலம் முடிந்ததும் அது உதிர்ந்துவிடும்.

ஆற்றில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், மணல்திட்டுகளும் ஆசை காட்டும். ஆனால் திட்டின் விளிம்பில் தரை சட்டென்று சரியும், அணைக்குக் கீழே சுழலும் நீர் ஆளை வெளியே விடாது. இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

6. பகல்: ரேமி மாடர்ன்

வெயில் ஏறும் நேரத்தில் உள்ளே போவதற்கு ரிவர் லேண்டிங்கில் உள்ள ரேமி மாடர்ன் கலைக்கூடம். 2017 அக்டோபரில் திறந்தது. வாரத்தின் எல்லா நாளும் திறப்பதில்லை. உங்கள் முதல் நாள் திங்களிலோ செவ்வாயிலோ விழுந்தால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்காசோவின் லினோகட் அச்சுகள் (லினோலியத் தகட்டில் செதுக்கித் தாளில் எடுப்பவை) 400க்கும் மேல் இங்கே இருக்கின்றன. உலகிலேயே மிகப் பெரிய தொகுப்பு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. தாளில் அச்சிட்டவை வெளிச்சம் பட்டால் மங்கும், அதனால் சில மட்டும் மாறிமாறி வெளியே வரும். அன்று என்ன காட்சியில் இருக்கிறது என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். மேல்தளச் சன்னல்களிலிருந்து காலையில் நடந்து வந்த பாதை கீழே தெரியும். ஒன்றரை மணிநேரம் போதும்.

7. மாலை: பிராட்வேயும் சாப்பாடும்

பிராட்வே பாலத்தில் நடந்தே அக்கரை ஏறுங்கள். சிறு கடைகளும் உணவகங்களும் நெருங்கிய தெரு. ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே நாடக விழா நடக்கும். அந்த நாட்களில் ஆறு மணிக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

இந்த ஊரில் தவறவிடக்கூடாதவை இரண்டு. ஒன்று பெரோகி. உக்ரைனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த, கொழுக்கட்டை போல மாவில் பூரணம் வைத்து வேகவைப்பது. இரண்டு, ஊருக்கே பெயர் தந்த சாஸ்கட்டூன் பெர்ரியில் செய்த பை (pie), அதாவது மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பண்டம். நாவல் நிறம், உள்ளே சிறு விதை, கடிக்கும்போது லேசாக வாதுமை வாசனை. புளிப்பு குறைவு. சூடாகக் கேளுங்கள். ஆறிய பையில் சாறு இறுகி, பழத்தின் மணம் வெளியே வராது.

சைவர்கள் இரண்டிலும் ஏமாறும் இடம் உண்டு. உருளைக்கிழங்குப் பெரோகியில் உள்ளே இறைச்சி இருக்காது, ஆனால் மேலே பன்றி இறைச்சித் துண்டு தூவலாம், அந்தக் கொழுப்பிலேயே வதக்கவும் செய்யலாம். பையின் மேலோட்டுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். “இறைச்சி இருக்கிறதா” என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள், பொய்யும் இல்லை. “எந்தக் கொழுப்பில் செய்தது” என்று கேளுங்கள்.

பட்டியலில் காணும் விலை கடைசி விலை அல்ல. கூட்டரசு வரி 5 சதவீதம், மாகாண வரி 6 சதவீதம் மேலே சேரும். 20 டாலர் சாப்பாடு 22.20 ஆகும். டிப்ஸ் 15 சதவீதம் வைத்தால் மூன்று டாலர், மொத்தம் 25.20. அட்டை இயந்திரம் 18, 20, 25 என்று கேட்கும், அதுவும் பெரும்பாலும் வரி சேர்ந்த தொகைக்கு. வேறு தொகை என்ற பொத்தானும் அதில் இருக்கும், அதை அழுத்துவதில் கூச்சம் வேண்டாம்.

8. இரண்டாம் நாள் காலை: வனஸ்கேவின்

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள, இப்போது பூங்காவாக இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு 6,000 ஆண்டுகளாக வடசமவெளிப் பூர்வகுடி மக்கள் வந்து கூடியிருக்கிறார்கள். இரண்டு நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். நகரப் பேருந்தை நம்பிப் போக முடியாது, கார் வேண்டும்.

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பாதைகளில் நிழல் குறைவு, பதினொரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று இறங்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இன்று நடன நிகழ்ச்சி உண்டா, எத்தனை மணிக்கு என்று. அதைத் தெரிந்துகொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள். தெரியாமல் நீளமான பாதையில் போனவர்கள் திரும்பி வரும்போது மேளச்சத்தம் ஓய்ந்திருக்கும்.

பைசன் என்ற வட அமெரிக்கக் காட்டெருமை மந்தையை 2019 டிசம்பரில் இங்கே மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். அவை பரந்த நிலத்தில் மேய்வதால் அருகில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொலைநோக்கி இதற்கும் உதவும். வேலியோரம் வந்தாலும் தள்ளியே நில்லுங்கள், அசைவில்லாமல் நிற்கும் பைசன் நொடியில் பாயும்.

பாதையை விட்டு விலகாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். இதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு. வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அந்தப் பைசன்கள் தரையில் புரண்டு மண்ணைக் கிளறிய இடத்தில், கோடுகள் செதுக்கிய ஒரு பாறை வெளிப்பட்டது. தோண்டியபோது மேலும் பாறைகளும், செதுக்கப் பயன்பட்ட கல் கத்தியும் கிடைத்தன. காலடியில் கிடப்பது வெறுங்கல்லா வேறேதுமா என்று நமக்குத் தெரியாது.

மே, ஜூன் மாதங்களில் புல்லில் உண்ணி இருக்கும். காற்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். காருக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள்.

9. பிற்பகல்: லார்ன் அவென்யூ வழியே தெற்கே

மதிய உணவுக்குப் பின் ஊரின் மறுகோடிக்குப் போங்கள். இரண்டு இடங்களும் ஒரே சாலையில் வருவதால் வரிசை எளிது.

முதலில் வெஸ்டர்ன் டெவலப்மென்ட் அருங்காட்சியகம். கூரைக்கடியில் 1910இன் ஒரு கடைத்தெருவையே எழுப்பியிருக்கிறார்கள். வங்கி, பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை எல்லாம் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்கள் இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள், மற்றவர்களுக்கு ஒன்று போதும்.

அதே லார்ன் அவென்யூவில் தொடர்ந்து தெற்கே ஓட்டினால் அது 219ஆம் நெடுஞ்சாலையாகிறது. பதினைந்து நிமிடத்தில் பீவர் கிரீக் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. இங்கே கருந்தலைச் சிக்கடி என்ற குருவி உங்கள் கையில் வந்து உட்காரும்.

உப்புச் சேர்க்காத கறுப்புச் சூரியகாந்தி விதையை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ரொட்டி, வறுத்த கடலை கூடாது. புதர் அடர்ந்த இடத்தில் நின்று, உள்ளங்கையில் ஏழெட்டு விதை வைத்து, விரல்களைச் சேர்த்துக் கையைத் தட்டையாக நீட்டுங்கள். கை ஆடினால் வராது, முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டால் ஆடாது. எடை பதினோரு கிராம்தான். இறங்கியது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரிவது விரலைப் பற்றும் நகம் மட்டும். ஒரு விதையைக் கொத்திக்கொண்டு கிளைக்குப் பறக்கும், இரண்டு காலிலும் அதைப் பிடித்துக்கொண்டு உடைக்கும். பலர் அந்த நொடியில் விரலை மடக்கிவிடுகிறார்கள். அந்தக் குருவி அன்றைக்கு அவர்களிடம் திரும்பாது.

போகும் வழியில் வயல் தென்பட்டால், நம் சமையலறைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவை நினைத்துக்கொள்ளலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பருப்புக்கறியாகும் மைசூர்ப் பருப்பு பெருமளவு சாஸ்கட்செவனில் விளைந்து போவதுதான். 1978இல் வெளியான லேர்ட் என்ற பச்சை ரகம் முதல், இந்தப் பருப்பினத்தின் பல விதை ரகங்கள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உருவானவை.

10. குளிர்காலத்தில்தான் வர முடியும் என்றால்

ஜனவரியில் மைனஸ் முப்பது வரை இறங்கும் நாட்கள் உண்டு. நடையை ஒரு மணிநேரமாகக் குறைத்து, டிராஃபிக் பாலத்தோடு திரும்புங்கள். பெஸ்பரோவை ஒட்டி ஆற்றோரத்தில் இலவச ஐஸ் ஸ்கேட்டிங் தளம் இருக்கும். பீவர் கிரீக் குருவிகள் இடம்பெயர்வதில்லை. சொல்லப்போனால் பசி அதிகமாவதால் குளிரில் இன்னும் எளிதாகக் கைக்கு வரும். ஆனால் கையுறையோடு நில்லுங்கள். வாடகை வண்டியின் முகப்பில் மின்கம்பி தொங்கினால் அது எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர். கடுங்குளிர் இரவில் செருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். செருகியை எடுக்காமல் வண்டியை நகர்த்திவிடாதீர்கள்.

11. கிளம்பும் காலை

காரை நிரப்பித் திருப்பிக் கொடுக்கப் பெட்ரோல் நிலையத்தை முந்தைய இரவே பார்த்து வையுங்கள். விமான நிலையம் சிறியது, உள்நாட்டு விமானத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்னால் போனால் போதும்.

பெர்ரி பை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உறைய வைத்ததை வாங்குங்கள். கைப்பையில் வைத்தால் சாறு கசிந்து சோதனையில் சிக்கலாகும். பெட்டிக்குள் துணியால் இறுகச் சுற்றி வைத்தால் டொரொண்டோ போய்ச் சேரும்வரை தாங்கும். வீட்டில் 190 டிகிரி அடுப்பில், உருகவிடாமல் அப்படியே வையுங்கள். உருகினால் அடி மாவு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும்.